ஓட்டுநரோடு பேசாதீர்

ட்ராமில் என் முதுகுக்குப் பின்னால்
முப்பத்தைந்து வருஷம் ஒரு தகடு தொங்கியது:
வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசாதீர்.
நானும் பேசவில்லை.
கோப்லி, சிட்சி, மலேவா, சிர்பி.
நிறுத்தம் வந்தால் நிறுத்தினேன்,
கதவைத் திறந்தேன், மூடினேன்.
தாலின் நகரத்தை எத்தனை ஆயிரம் தடவை
உட்கார்ந்தபடியே கடந்திருப்பேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில்
தரையில் நீல நாடா ஒட்டியிருந்தது.
"நாடா மேலேயே நடங்கள் ஹெய்னோ,
நடந்துகொண்டே நூறிலிருந்து
ஏழேழாகக் கழியுங்கள்" என்றாள் த்ரீனு.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எழுபத்திரண்டு என்றதும்
கால் நின்றுவிட்டது,
யாரோ மணியடித்த மாதிரி.
எழுபத்திரண்டு என் வயது.

"நடையா, கணக்கா?
ஏதாவது ஒன்றைக் கேள், பெண்ணே."
அவள் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டாள்.
அந்தப் பேனா கீறிய சத்தம்
அன்றிரவு தலையணைக்குள் கேட்டது.

மூளைக்குள் கடற்குதிரை ஒன்று இருக்கிறதாம்.
எங்கள் குளிர்ந்த கடலில்
எவன் வலையிலும் நான் பார்த்திராத பிராணி
என் காதுக்குச் சற்று உள்ளே
வாலைச் சுருட்டிக் கிடக்கிறதாம்.
கொஞ்சம் இளைத்திருக்கிறது என்றார் டாக்டர்,
பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல.
நடந்தால் தேறுமா?
"தேறலாம். இளைப்பது மெதுவாகலாம்.
எழுதித் தர மாட்டேன்."
எழுதித் தராததால் நம்பினேன்.

செவ்வாயும் வெள்ளியும்
தண்டவாளத்தை ஒட்டி ஒன்பது பேர்.
நவம்பரில் எண்டெல் வழுக்கி விழுந்தார், இடுப்பு.
அவர் இடம் மட்டும் எங்கள் நடுவில்
காலியாக நடந்து வருகிறது.

என் பக்கத்தில் வைகே.
சிட்சி நூற்பாலையில்
அறுந்த நூலை முடிச்சிட்டபடி
எந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே
நாளெல்லாம் நடந்தவள்.
இப்போது அவளுக்கு அறுந்துபோவது சொற்கள்.
கரண்டிக்குப் பெயர் வராமல்
"அது, சூப்பைத் தூக்குமே, அது" என்பாள்.
ஆனால் அந்தக் காலைப் பாருங்கள்,
பனிக்கட்டி மேலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும்.
அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல நான் நிற்பேன்.
பத்தடி போய்த் திரும்பி,
"என்ன, நிறுத்தமா?" என்று கத்துவாள்.
முப்பது வருஷம் என் வண்டியில் போய்வந்தவளாம்.
அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஏமாற்றினேன்.
மூன்று நிறுத்தம் ட்ராமில் போனேன்.
பதிவு செய்த குரல் ஒன்று ஊர்களைச் சொன்னது.
தகட்டைத் தேடினேன், இல்லை.
கதகதப்பாக இருந்தது, தூங்கிவிட்டேன்.
விழித்தபோது எந்த நிறுத்தம் என்று
எனக்கு, எனக்கே, தெரியவில்லை.
இதை த்ரீனுவிடம் சொல்லவில்லை.

நேற்று யாரும் கேட்காமலே ஆரம்பித்தது.
ஆணி பதித்த காலணி ஐஸைக் கடிக்க
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பது.
எழுபத்திரண்டில் கால் தயங்கியது.
தயங்கி, போய்விட்டது.
அறுபத்தைந்து.
ஐம்பத்தெட்டு, சாவியை ஒப்படைத்த வருஷம்.
ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு,
தண்டவாளத்தைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.
முப்பத்தேழு,
நாடே சாலையோரம் கைகோத்து நின்ற ஆகஸ்ட்.
முப்பது.
இருபத்து மூன்று, முதல் வண்டி, முதல் தகடு.
பதினாறு. ஒன்பது.
இரண்டு.

இரண்டில் ஏழு போகாது.
மூச்சு வாங்கியது, மீசையில் பனி.
"யாரோடு பேசுகிறாய்?" என்றாள் வைகே.
"ஓட்டுநரோடு" என்றேன்.

நடந்துகொண்டேதான் அதைச் சொன்னேன் என்பது
வோல்டா நிறுத்தம் தாண்டிய பிறகுதான் உறைத்தது.